ஓய்வுக்கான ஊசி

பிளஃப் துறைமுகத்தில் சிப்பி பிளப்பவள் நான்.
மார்ச்சில் கத்தி நழுவிப் பெருவிரலில் இறங்கியது.
ஜூன்வரை வாய் மூடவில்லை அந்தக் காயம்.
பதினோரு வயதில் வந்த சர்க்கரை,
இது நாற்பத்து நான்காவது வருடம்.
ஊசி படாத இடமென்று
ஒரு பத்து சென்ட் நாணயம் வைக்கக்கூட
என் வயிற்றில் மிச்சமில்லை.

அதே வயிற்றில்தான் ஆகஸ்டில்
சின்னத் துளையிட்டு ஊற்றினார்கள்,
பன்றிக்குட்டிகளின் கணையத்திலிருந்து பிரித்த திட்டுகளை.
என் உடம்பின் காவல் நாய்கள் கடித்துவிடாதபடி
ஒவ்வொன்றுக்கும் கடற்பாசிக் கூழில் ஒரு சட்டை.
குழாய்க்குள் பார்த்தேன்.
மீன்சினைபோல மினுங்கின.

தெற்கே, மனிதர் தங்காத ஒரு தீவில்
கப்பல் உடைந்து கரையேறுகிறவர் பசியாறட்டும் என்று
யாரோ எப்போதோ விட்டுப்போன பன்றிகள்.
அவற்றின் வழிவந்தவை இந்தக் குட்டிகள்.
உடைந்த கப்பல் என்னுடையதுதான்.
வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"ஊசியை நிறுத்தாதீர்கள்" என்றாள் மருத்துவர் ஊஸ்ட்வேன்.
கோபம் வந்தது.
பின் எதற்கு இத்தனையும்?
ஒப்புதல் படிவத்தின் முதுகில் அவள் ஒரு வட்டம் வரைந்தாள்:
"இவை இன்னும் வேரூன்றவில்லை.
ரத்தக் குழாய் கிடையாது, மூச்சும் கூழ்வழியே கசிந்துதான் வரவேண்டும்.
உங்கள் ரத்தம் இனிக்க இனிக்க இவை உழைக்கும்.
நிறுத்தத் தெரியாதவை.
இருப்பு தீரும்வரை சுரக்கும்,
தீர்ந்த பிறகும் சுரக்கப் பார்க்கும்,
அப்புறம் சாகும்."
பேனாவை மூடினாள்.
"இனி நீங்கள் போடும் ஊசி உங்களுக்கல்ல.
அவை உட்கார ஒரு நாற்காலி."

தலையாட்டிவிட்டு வந்தேன்.
தலையாட்டுவதில் எனக்கு நாற்பத்து நான்கு வருடப் பழக்கம்.

ஹெமியின் ஐம்பதாவது பிறந்தநாள்.
பாவ்லோவா, மேலே பாசிப்பழமும் க்ரீமும்.
இரண்டாம் துண்டு என் தட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.
ஊசி காரில் இருந்தது. வெளியே மழை.
என்னிடம்தான் இப்போது ஆட்கள் இருக்கிறார்களே, என்று நினைத்தேன்.
ஆட்கள்.
அந்தச் சொல்லைத்தான் நினைத்தேன்.

இரவு இரண்டு மணி. 18.6.
வீடு தூங்குகிறது, மர்டோ தூங்குகிறான்,
தொப்புளுக்குக் கீழே விளக்கணையாத ஒரு கொட்டகை.
சத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் கேட்டேன்.

லோசாவை நினைத்தேன்.
படகுகள் சேர்ந்து வந்த அந்த சீசனில்
மேற்பார்வை என்னுடையது.
பதினான்காவது மணி நேரத்தில் விரல்களை விரித்துக் காட்டினாள்,
அதாவது, விரிக்க முயன்றதைக் காட்டினாள்.
"இன்னும் மூன்று சாக்குதான்" என்றேன்.
மூன்றையும் பிளந்துவிட்டுப் போனாள்.
திரும்ப வரவில்லை.
கத்தியின் பிடி இல்லாதபோதும்
அந்தக் கை பிடித்தபடியே இருப்பதாகக் கேள்வி.

செருப்பில்லாமல் மழையில் காருக்கு நடந்தேன்.
ஆறு அலகு.
கையும் வயிறும் அவைதான், ஊசியும் அதே நீல மூடி ஊசி.
முதல்முறையாக வலித்தது.

நாலரைக்கு 3.2.
வியர்வையில் நைட்டி ஒட்டிக்கொண்டது.
மர்டோ எழுந்து ஜெல்லி மிட்டாயை எண்ணித் தந்தான்,
ஒன்று, இரண்டு, மூன்று,
டப்பாவைத் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான்.
பசியும் ஆகாது, விருந்தும் ஆகாது இந்த விருந்தாளிகளுக்கு.

நவம்பரில் அனஹேரா தொலைபேசியில் படித்தாள்:
என் ரத்தத்தில் பன்றியின் சுவடு கொஞ்சம் தெரிகிறதாம்.
எத்தனை பிழைத்தன?
"எண்ண முடியாது, எயில்சா. இருக்கின்றன."
அன்றாட ஊசியில் நான்கு அலகு குறைத்தார்கள்.
நான்குதான். கொண்டாட கேக் வாங்கவில்லை.

லோசாவின் எண் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.
மணி ஆறு. துறைமுகத்தில் முதல் படகின் விளக்கு.
5.8.
உள்ளே யாரோ சற்று உட்கார்ந்திருக்கிறார்கள்.
எண்ணை எடுத்துப் பார்க்கிறேன்,
வைக்கிறேன்,
எடுக்கிறேன்.